பாவி கண்ணு மூடிடுச்சு

என் வீட்டுக்காரர் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்குச் செத்துப்போனார். மதியம் ஒன்றரைக்குப் பிழைத்துக்கொண்டார். நடுவில் இருந்த இரண்டே கால் மணி நேரம் நான் கைம்பெண்ணாகக் கெலமங்கலத்திலிருந்து ஓசூர் சிப்காட் வரைக்கும் இரண்டு பஸ் மாறிப் போனேன். அவரைக் கொன்றதும் நான்தான். ஒரே ஓர் எழுத்தை வைத்துக் கொன்றேன்.

என் பெயர் பேச்சியம்மாள். கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். ஓசூரில் வண்டிகளுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. நாற்பது நிறத்தில் நாற்பது வயர் வரும். மஞ்சள் வயர் பச்சைக்குரிய ஓட்டையில் போயிருந்தால் தூக்கத்தில்கூடப் பிடித்துவிடுவேன். அப்படி ஒரு பெயர் வாங்கியிருந்த எனக்குத்தான் அன்றைக்கு இந்தக் கதி.

அவர் பெயர் ராஜப்பன். ராயக்கோட்டைக்காரர். தண்ணீர் மோட்டார், கம்ப்ரஸர் எல்லாம் பார்ப்பார். எங்கள் கம்பெனி மோட்டார் ஒருமுறை நின்றுபோனபோது சரிபண்ண வந்தார். தண்ணீரும் வந்தது, கூடவே அவரும் என் வாழ்க்கைக்குள் வந்துவிட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம். கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில், கெம்பம்மா அக்கா வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். அக்காவுக்கு ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலை. அவருடைய வீட்டுக்காரர் மாரிசாமி அண்ணன் கிணற்றில் இறங்கித் தூர் எடுப்பவர். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம்.

ஒரு நாள் மாரிசாமி அண்ணனைத் தேடி ஓர் ஏஜென்ட் வந்தான். சவுதியில் பாலைவனத்துக்கு நடுவே பழங்காலத்து ஊர் ஒன்று இருக்கிறது. சாம்பிராணி ஏற்றிக்கொண்டு போன ஒட்டகக் கூட்டங்கள் தண்ணீருக்கு இறங்கிய ஊர். அதைப் பழையபடி சரிபண்ணுகிறார்கள். கல் கட்டிய கிணறுகளில் இறங்கி, ஒரு கல்லையும் கலைக்காமல் மண் எடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆறு மாத வேலை. அண்ணன் சரி என்றார். மேலே நின்று மோட்டார் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரரும் சரி என்றிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசா கைக்கு வந்தபிறகுதான், ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பளம் கேட்கிற குரலில் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் அது வந்த வழியே போகாது. கிணற்றில் இறங்கமாட்டேன், மேலேதான் நிற்பேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சாம்பிராணி போன பாதையைப் பார்க்க இன்னொரு சாம்பிராணி கிளம்பிவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். கடைசி நாள், பை தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வரட்டுமா என்று கேட்டவரிடம், "போற பாவி அங்கனயே கெட" என்று கதவைச் சாத்தினேன்.

பாவி என்பதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் அது பெரிய வசவில் சேர்த்தி இல்லை. சோறு ஆறிப்போகும்வரை வராவிட்டால் பாவி. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் பாவி. மல்லிகைப்பூ வாங்கிவந்தாலும், இந்தப் பாவிக்கு இன்றைக்கு என்ன வந்தது என்பேன். அவரை நான் கூப்பிடும் பெயரே அதுதான் என்று அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாரிசாமி அண்ணன்கூட, உன் பாவி இன்னும் வரலையா பேச்சி என்று கேலி செய்வார்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் நான் அவரிடம் பேசவில்லை. அவர் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். வேலையிடத்தில் சிக்னல் கிடையாதாம், பழைய கோட்டை மேட்டில் ஏறினால் மட்டும் கொஞ்சம் கிடைக்குமாம். மேட்டில் ஏறி எனக்குப் படம் படமாக அனுப்புவார். எல்லாவற்றையும் பார்ப்பேன், பதில் போடமாட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நீல டிக் விழாதபடி போனில் மாற்றியும் வைத்துவிட்டேன். அவ்வளவு வைராக்கியம்.

மாரிசாமி அண்ணன் எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் அக்காவுக்குத் தமிழ் எழுத்தில்தான் செய்தி அனுப்புவார். குரலில் பேசி அனுப்பினால் அந்தச் சிக்னலில் ஏறுவதில்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள் மகள் அனுப்ரியாதான் வேலை முடிந்து வந்து படித்துச் சொல்வாள். செல்போனுக்கு உள்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், ஷிப்ட் முடிந்துதான் கையில் தருவார்கள்.

அந்த வியாழக்கிழமை எனக்கு வார விடுப்பு. பதினோரு மணிக்குமேல் கெம்பம்மா அக்கா தோட்டத்திலிருந்து சாப்பிட வந்தார். போனில் ஏதோ வந்திருக்கிறது, சாயந்திரம் வரைக்கும் பொறுக்க முடியவில்லை, நீ படித்துச் சொல் என்று நீட்டினார். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அண்ணன் எழுதினால் நடுவில் என் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு வரி இருக்கும். கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். அண்ணன் தமிழுக்கு நடுவே கன்னடத்தைக் கலந்து எழுதுவாரே, உனக்குப் புரியுமா என்று அக்கா கேட்டார். மூன்று வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஊட்டா என்றால் சாப்பாடு, நீரு என்றால் தண்ணீர், பேடா என்றால் வேண்டாம், எல்லாம் தெரியும், இது தெரியாதா என்று பெருமையாகப் போனை வாங்கினேன்.

அதில் இப்படி இருந்தது: "நேத்து நானும் ராஜப்பனும் எறங்குனோம். மேல இருந்து மணல் சரிஞ்சிடுச்சு. பாவி கண்ணு மூடிடுச்சு. எவ்வளவோ பாத்தோம், முடியல. இங்க எல்லாருக்கும் மனசே சரியில்ல. பேச்சிக்கு இப்ப சொல்லாத. அப்பறம் நானே பேசறேன்."

முதல் இரண்டு வரியைச் சத்தமாகத்தான் படித்தேன். மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது. ஏன் நிறுத்திட்ட, ஏனாயித்து, என்னாச்சு என்று அக்கா தோளைத் தொட்டு உலுக்கினார். மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூடிவிட்டான் என்று எழுதாமல் மூடிடுச்சு என்று எழுதியிருக்கிறாரே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள். அப்பா வந்துச்சு, மாமா சொல்லுச்சு என்பதுதானே இங்கே மரியாதை. அந்தச் சின்ன நப்பாசையையும் நானே அடித்துப் போட்டேன். மிச்சத்தையும் படித்தேன். பேச்சிக்கு இப்போது சொல்லாதே என்பதைப் பேச்சியே படித்தேன்.

அக்கா அழவில்லை. எனக்கு அது அப்போது ஆச்சரியமாக இருந்தது. அடுப்பை அணைத்தார், எனக்குத் தண்ணீர் கொடுத்தார், நான் குடிக்காததைப் பார்த்து என் வாயில் அவரே ஊற்றினார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரோஜா முள் கீறிய விரல்களால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேர் போனுக்கும் மாறி மாறி அடித்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். ஏஜென்ட் நம்பரும் அந்த ஊரில் இருக்கும் சூப்பர்வைசர் நம்பரும் அனுப்ரியா போனில்தான் இருந்தன. ராயக்கோட்டைக்குச் சொல்லிவிடலாமா, உன் மாமியாருக்குத் தெரியவேண்டாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம், முதலில் நிச்சயமாகத் தெரியட்டும் என்றேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அனுப்ரியா கம்பெனிக்கே போய் அவளை வெளியே கூப்பிடுவது என்று முடிவு செய்து, கட்டியிருந்த புடவையோடு கிளம்பினோம்.

கெலமங்கலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தக்காளிக் கூடைகள் கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருந்தன. அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நாற்பது நாளாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டேன் என்ற பயம். கடைசியாகச் சொன்னது அங்கேயே கிட என்பதுதான். சொன்னபடியே கிடக்கிறாரே. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அனுப்பிய படங்களைத் திறந்தேன்.

அந்த ஊரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் சந்து சந்தாகத் தெரியும். மணல் மலைகளுக்கு நடுவே, யாரோ பச்சைச் சேலையை உலரப்போட்டு மறந்ததுபோல நீளமாகப் பேரீச்சந்தோப்பு. அதை ஒட்டி மண்ணால் கட்டிய வீடுகள், ஒன்றின் சுவரில் இன்னொன்று சாய்ந்து நிற்கும். வெயில் இறங்காமல் இருக்கச் சந்துகளுக்கெல்லாம் மேலே ஈச்சமரத் துண்டுகளைப் போட்டுக் கூரை. ஊர்வாசலில் ஒரு பெரிய முற்றம், அதில் ஆள் நீளத்துக்குக் கல்தொட்டிகள். ஒட்டகங்கள் வந்து இறங்குகிற இடம், நம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி வைத்துக்கொள் என்று கீழே எழுதியிருந்தார். ஏழெட்டு நாள் தண்ணீர் பார்க்காமல் நடந்து வந்த ஒட்டகம் இங்கேதான் முதலில் வாய் வைக்குமாம், வாய் எடுக்க அரைமணி நேரம் ஆகுமாம்.

பிறகு கிணறுகள். வரிசையாக ஒரே கோட்டில் இருந்தன, அடியில் ஒன்றுக்கொன்று வாய்க்கால் வெட்டி இணைத்திருக்கிறார்களாம். கிணற்று விளிம்புக் கல்லை மட்டும் பக்கத்தில் வைத்து ஒரு படம். கயிறு உரசி உரசிக் கல்லில் விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. "இதத் தொட்டுப் பாக்கறப்ப ஒரு மாதிரி இருக்குது பேச்சி. நம்மூருல ஆயிரம் அடி போர் போட்டாலும் புகைதான் வருது. இங்க மணலுக்கு நடுவுல முப்பது அடியில தண்ணி" என்று எழுதியிருந்தார். நான் அதற்கும் பதில் போடவில்லை. இப்போது அந்த முப்பது அடிதான் கண்ணில் நின்றது. மேலே நிற்பேன் என்று சத்தியம் செய்த மனுஷன் எதற்கு இறங்கினார் என்று கோபம் வந்தது, அந்தக் கோபத்தின் பின்னாலேயே அழுகையும் வந்தது. தளி ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா தன் முந்தானையைக் கொடுத்தார். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

ஓசூரில் இறங்குவதற்கு முன்னால் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஏங்க என்று மட்டும். நாற்பது நாளில் நான் அனுப்பிய முதல் சொல். ஒற்றை டிக்கோடு நின்றது.

சிப்காட்டுக்கு இன்னொரு பஸ். கம்பெனி வாசலில் இறங்கும்போது மணி ஒன்றேகால். உள்ளே போகிறவர்களைப் பெண் செக்யூரிட்டி ஒருவர் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் முனிலட்சுமி என்று பெயர் இருந்தது. அக்கா மகளைக் கூப்பிட வேண்டும் என்றதும் எந்த லைன், என்ன நம்பர் என்று கேட்டார். நடு ஷிப்டில் ஆளை வெளியே விட வேண்டுமென்றால் காரணத்தை ரிஜிஸ்டரில் எழுத வேண்டுமாம், மேலே போன் செய்து அனுமதி வாங்க வேண்டுமாம். என்ன காரணம் என்றார். சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் போலிருந்தது. மாரிசாமி அண்ணன் செய்தியைத் திறந்து போனை அப்படியே அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாய்க்குள்ளேயே படித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை மேலே போய்ப் பார்த்தார். பிறகு போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. கோட்டா முடிந்த ரேஷன் கடைக்காரர் முகம்போல இருந்தது.

"கெணறு தூந்து போனதுக்கெல்லாம் பாஸ் குடுக்க மாட்டாங்கக்கா. சாவு, ஆஸ்பத்திரி, அதுக்குத்தான் விடுவாங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இதைவிடக் கல்நெஞ்சம் உலகத்தில் இருக்காது என்று நினைத்தேன். "எங்க வீட்டுக்காரக செத்துட்டாகன்னு வந்திருக்கு. நீங்க என்னமோ கெணறுங்கிறீக" என்று கத்தினேன். லாரிக்குக் கதவு திறந்துகொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

முனிலட்சுமி கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே அப்படி எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று போனை மறுபடி வாங்கி, இந்த முறை எங்களுக்குக் கேட்கும்படி படித்தார். மூன்றாவது வரிக்கு வந்தார். அவர் வாயில் அந்தச் சொல் வேறாக வந்தது. நான் சொல்வது பாவத்தில் வரும் 'ப'. அவர் சொன்னது பஸ்ஸில் வரும் 'ப'. உதட்டை அழுத்தி, கனமாக, பஸ், பல்பு, பாட்டில் என்று சொல்வோமே, அந்த 'ப'.

இத்தனை நேரம் கல்மாதிரி நின்றிருந்த கெம்பம்மா அக்கா ஓரடி முன்னால் வந்தார். "ஏனம்மா, இன்னொரு தடவ ஓது" என்றார். முனிலட்சுமி மறுபடி படித்தார். அக்கா அந்தச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தார், அதே கனத்தோடு. பிறகு திரும்பி, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பாவிடீ. கெணறு. எங்க பாசையில கெணத்துக்குப் பேரே அதுதான். உன் வீட்டுக்காரன் இல்ல, கெணத்தோட ஊத்துக்கண்ணு மூடிக்கிச்சு."

முனிலட்சுமிக்குப் பேரிகை என்ற ஊர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. தெலுங்கிலும் கிணறு அதுதானாம். இங்கே இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்த சொல் என்றார். எனக்கும் தெரிந்த சொல்தான், அதுதான் கொடுமை. மூன்று வருஷமாகத் தினமும் அக்கா வாயில் கேட்கிறேன். தோட்டத்துப் பாவியில் தண்ணீர் இறங்கிவிட்டது, பாவிக் கரையில் மாட்டைக் கட்டு என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். காதில் கேட்டபோதெல்லாம் புரிந்தது. எழுத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. தமிழில் இரண்டு 'ப'வுக்கும் ஒரே எழுத்துதானே. அந்த எழுத்தைப் பார்த்ததும் கோவில்பட்டிக்காரி கண்ணுக்குக் கோவில்பட்டிப் பாவிதான் தெரிந்தான். நான் அழுத்தந்திருத்தமாக அப்படியே படித்ததால் அக்காவுக்கும் அதுதான் கேட்டது.

வாசல் ஓரம் இருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது. ஏன் அழாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். நான் அழுதால் உன்னை யார் பிடிப்பார்கள் என்றார். முனிலட்சுமி காரணம் எழுத வேண்டியதில்லை என்ற நிம்மதியில் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை எங்களிடம் கொடுத்தார். முழுப் பாட்டிலையும் நானே குடித்தேன்.

குடித்து முடித்ததும் மறுபடி பயம் வந்தது. மணல் சரிந்தது நிஜம்தானே. இரண்டு பேரும் இறங்கியதும் நிஜம்தானே. பேச்சிக்குச் சொல்லாதே என்று ஏன் எழுத வேண்டும்? அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். செத்தவனைப் பற்றி எழுதுகிறவன் அப்புறம் நானே பேசுகிறேன் என்று சாவகாசமாக எழுதுவானா என்று கேட்டார். அவன் கிணற்றில் இறங்கினது தெரிந்தால் நீ விடுவாயா, அதைத்தான் மறைக்கச் சொல்லியிருக்கிறான் என்றார். நியாயம்தான். ஆனாலும் எனக்குக் குரல் வேண்டும். அந்த ஆளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், இருமினால்கூடப் போதும்.

வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றார் அக்கா. நான் அந்த மேடையை விட்டு அசையவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தேன். ஷிப்ட் மாறும் பஸ்கள் வந்து நின்றன, பெண்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வெளியே வந்த அனுப்ரியா எங்களைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தாள். அக்கா அவளைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். தூரத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் போனிலிருந்து ஏஜென்டுக்கும் சூப்பர்வைசருக்கும் அடித்துப் பார்த்தோம், இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு ரிங் போனது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"பேச்சியா? ஆருக்கு என்னாச்சு?"

அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மேடு ஏறி வந்திருப்பார்போல, மூச்சு வாங்கியது. அது மட்டுமில்லை, நடுக்கமும் இருந்தது. நான் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஏங்க என்று வந்திருக்கிறது, பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாய், நாற்பது நாள் பேசாதவள் சும்மா கூப்பிடுவாயா என்றார். "அம்மாவுக்கா? உனக்கா? ஆஸ்பத்திரியிலயா இருக்கற? மறைக்காம சொல்லு பேச்சி, நான் தாங்கிக்கறேன்" என்றார்.

எனக்குத் திட்ட வேண்டியது ஒரு மூட்டை இருந்தது. சத்தியத்தை மீறியதற்கு ஒன்று, கேட்காமல் போனதற்கு ஒன்று, என்னை இரண்டே கால் மணி நேரம் சாகடித்ததற்கு ஒன்று. அந்த மூட்டையை நான் அவிழ்க்கவில்லை. பாலைவனத்தில் ஒரு மேட்டில் நின்று, நான் செத்துப்போய்விட்டேனோ என்று அந்த மனுஷன் பயந்துகொண்டு நிற்கிறார். காலையிலிருந்து நான் பட்டதை இந்த நிமிஷம் அவர் படுகிறார். என் பேச்சு வந்தாலே கெட்ட செய்தி என்று நினைக்கும்படி அவரை நான் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். உங்ககிட்டப் பேசணும்போல இருந்துச்சு, அதான்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அந்த ஊரில் மணல் கண்ணில் விழும் என்று அவர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். நாற்பது நாளுக்கு முன்னால் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். அதை விடு, அது உன் வாய் பேசினது என்று என்னை முடிக்கவிடாமல் செய்தார்.

"சரி, அந்த ஊரப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"எங்கிருந்து சொல்ல?"

"கெணத்துக்குள்ள எறங்குனதுல இருந்து சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்க வேண்டாம்."

சொல்ல ஆரம்பித்தார். தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கிணறு அது, ஊருக்கே மூத்த கிணறு. மேலேதான் நின்றிருந்தாராம். அடியில் ஊற்று எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் மோட்டாரை இறக்க முடியாது, அதனால்தான் அண்ணனோடு இறங்கினாராம். கல்லிடுக்கில் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்து, கையை வைத்தால் ஜில்லென்று தண்ணீர் தள்ளியதாம். தண்ணீர் வந்ததைப் பார்க்க ஊரே கூடிவிட்டதாம். அதற்குள் மேலிருந்து ஒரு பக்க மணல் சரிந்தது. இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஊற்று மட்டும் அடைபட்டுப்போனது. மாரிசாமி அண்ணன் நேற்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். நாளைக்குப் பலகை வைத்து மணலைத் தடுத்துக்கொண்டு மறுபடி இறங்கப்போகிறார்கள்.

மறுபடியும் நீங்களா இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்று சின்னக் குரலில் சொன்னார். இடுப்பில் இரண்டு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், ஒன்று போதாது என்றேன். கட்டிக்கொள்கிறேன் என்றார். மேலே வந்ததும் மேட்டுக்கு வந்து எனக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். எடுப்பாயா என்று கேட்டார்.

முனிலட்சுமி டூட்டி முடிந்து கையசைத்துவிட்டுப் போனார். அக்காவும் அனுப்ரியாவும் எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அந்தச் சிக்னலில் பேச்சு நிலைக்கவில்லை. அந்தச் சாயந்திரம் மூன்று முறை லைன் அறுந்தது. மூன்று முறையும் நான்தான் திரும்பக் கூப்பிட்டேன்.